தாய்வீட்டுப் பயணமும் கர்ப்பகால ரத்தக் கொதிப்பும்

டாக்குரியா (கல்கத்தா):

பிரசவத்தின்போதும் அதையொட்டியும் இறந்துபோகும் தாய்மார்களின் கணக்கை மத்திய அரசு அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. 2018-20 ஆண்டுகளுக்கான கணக்குப்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார்கள் இறந்தனர். மேற்கு வங்கத்தில் 103 பேர். நாடு முழுவதற்கும் சராசரி 97. கேரளத்தில் 19தான். அதற்குப் பின் வந்த கணக்குகளில் நாட்டின் சராசரி இன்னும் இறங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டின் எண்ணைப் பார்த்து நாம் பெருமைப்படலாம். வங்கத்தின் எண்ணைப் பார்த்துக் கவலைப்படலாம். ஆனால் டாக்குரியாவிலும், கஸ்பாவிலும், லேக் மார்க்கெட் பக்கத்திலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண் இந்த இரண்டில் எந்தக் கணக்கைச் சேர்ந்தவள்? ஆறு மாதம் வரை அவள் வங்கத்துக் கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்ததும் தமிழ்நாட்டுக் கர்ப்பிணி. நடுவில் ஒரு நாளுக்கு மேலாக அவள் எந்த மாநிலத்து நர்சின் பார்வையிலும் இல்லை, ரயிலில் இருக்கிறாள்.

இந்தக் கைமாற்றம் எந்த மாதத்தில் நடக்கிறது என்பதுதான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. கர்ப்ப காலத்தில் வரும் வியாதிகளில் மிகப் பொல்லாதவற்றுள் ஒன்றான ரத்தக் கொதிப்பு நோய், ஐந்தாம் மாதத்துக்குப் பிறகே தலைகாட்டுகிறது. பெரும்பாலும் எட்டு, ஒன்பதாம் மாதங்களில் முற்றுகிறது. சரியாக அந்தச் சமயத்தில்தான் நம் பெண்கள் ஓர் ஊரின் ஆஸ்பத்திரியை விட்டு இன்னோர் ஊரின் ஆஸ்பத்திரிக்கு மாறுகிறார்கள். தாய்வீட்டுக்குப் போவது தவறல்ல. நோய் வரும் மாதமும் ஆஸ்பத்திரி மாறும் மாதமும் ஒன்றாக இருப்பதை நினைவில் வைக்காமல் போவதுதான் ஆபத்து.

என்ன வியாதி இது?

வயதானவர்களுக்கு வரும் பிளட் பிரஷர் வேறு, இது வேறு. அதுவரை சரியாக இருந்த ஒரு பெண்ணுக்கு, கர்ப்பமாகி 20 வாரம் ஆன பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறுகிறது. கூடவே சிறுநீரில் புரதம் இறங்குகிறது. சிலருக்கு ஈரல், சிறுநீரகம், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஆகியவையும் கெடுகின்றன. இதை டாக்டர்கள் ப்ரீ-எக்லாம்ப்சியா என்கிறார்கள். அழுத்தம் 160/110 என்ற அளவைத் தொட்டால் அது கடுமையான நிலை. மூளையில் ரத்தம் கசியும் அபாயம் அப்போது உண்டு. நோய் முற்றி வலிப்பு வந்துவிட்டால் அதுவே எக்லாம்ப்சியா. நம் ஊர்ப்பக்கத்துப் பாட்டிமார்கள் பொதுவாகப் பிரசவ ஜன்னி என்று சொல்லிவந்ததில் இதுவும் சேர்ந்திருந்தது.

இந்த நோயின் வேர் நஞ்சில் இருக்கிறது. கருப்பையில் நஞ்சு பற்றிக்கொள்ளும்போது, அந்த இடத்தில் உள்ள தாயின் ரத்தக் குழாய்கள் நன்றாக அகன்று கொடுக்க வேண்டும். சிலருக்கு அவை போதிய அளவு அகலுவதில்லை. ரத்தம் போதாத நஞ்சு சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அவை உடம்பெங்கும் உள்ள ரத்தக் குழாய்களின் உட்புறத்தைக் கெடுக்கின்றன. குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் புரதத்தைக் கசிய விடுகிறது. வயிற்றில் உள்ள குழந்தைக்கும் ஊட்டம் குறைகிறது. குழந்தை எடை குறைந்து பிறப்பதும், குறைமாதத்தில் பிறப்பதும், சில சமயம் வயிற்றிலேயே இறந்துபோவதும் இதனால்தான்.

வேர் நஞ்சில் இருப்பதால், நஞ்சு வெளியே வந்த பிறகுதான் நோய் அடங்கத் தொடங்கும். பிரசவமே இதற்கு முடிவான சிகிச்சை. மற்ற மருந்துகள் எல்லாம் தாயையும் குழந்தையையும் அதுவரை காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே.

நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு இந்த நோய் வருவதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. 2009 முதல் 2020 வரை உலகில் நிகழ்ந்த தாய்மார் சாவுகளை ஆராய்ந்து அந்த ஸ்தாபனத்தினர் 2025-ல் வெளியிட்ட கணக்கில், முதல் காரணம் ரத்தப் போக்கு. சுமார் 27 சதவிகிதம். அடுத்த பெரிய காரணங்களில் ஒன்று இந்த ரத்தக் கொதிப்பு. சுமார் 16 சதவிகிதம்.

எக்லாம்ப்சியா என்ற பெயர் கிரேக்க மொழியில் பளிச்சென்று மின்னும் ஒளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முன்னறிவிப்பின்றி வருவதாக எண்ணி வைத்த பெயர். 1896-ல் இத்தாலிய டாக்டர் ரீவா-ரோச்சி கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கும் கருவியை வெளியிடும் வரை, டாக்டர்கள் வலிப்பைத்தான் பார்த்தார்கள். அதற்கு முன் ஏறிய அழுத்தத்தை அளந்து பார்க்க எளிய வழி இருக்கவில்லை. இன்று அந்தக் கருவி இல்லாத சுகாதார நிலையம் இல்லை. இரண்டு நிமிஷ வேலை. ஆகவே இந்த நோயில் திடீர்ச் சாவு என்று சொல்லப்படுபவற்றில் பல, உண்மையில் அளந்து பார்க்காததால் நேரும் சாவுகள்.

ஓட்டப் பந்தய வீராங்கனைகளின் கதை

நன்றாக உழைக்கும் உடம்பு, நோய் நொடி இல்லாத பெண், அவளுக்கு ஏன் வரப்போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்க்கலாம்.

2016-ம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அமெரிக்கா தங்கம் வென்றது. அந்த நால்வரில் அலிசன் பெலிக்ஸ், டோரி போவி என்ற இருவர் இருந்தனர். 2018-ல் பெலிக்ஸ் 32 வாரக் கர்ப்பிணியாக வழக்கமான பரிசோதனைக்குப் போனார். அங்கேதான் நோய் கடுமையாக இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். குறைமாதக் குழந்தை தீவிரக் கவனிப்புப் பிரிவில் இருந்து பிழைத்தது. பெலிக்ஸ் 2021-ல் டோக்கியோவில் மீண்டும் ஓடித் தங்கம் வென்றார்.

டோரி போவி 2017-ல் 100 மீட்டர் உலகச் சாம்பியன். 2023-ம் ஆண்டு, எட்டு மாதக் கர்ப்பிணியாக, புளோரிடாவில் தம் வீட்டில் தனியாக இருந்த நிலையில் இறந்து கிடந்தார். வயது 32. பிரசவம் தொடங்கிய நிலையில் இறந்திருக்கிறார் என்றும், எக்லாம்ப்சியா காரணமாக இருந்திருக்கக் கூடும் என்றும் பிரேதப் பரிசோதனை அறிக்கை கூறியது.

ஒருவர் வழக்கமான பரிசோதனை நாளில் டாக்டரின் கண்ணில் பட்டார். மற்றவருக்கு அந்த நேரத்தில் உதவிக்கு யாரும் பக்கத்தில் இல்லை. பணக்கார நாடு, பலமான உடம்பு ஆகிய இரண்டும் இருந்தும் முடிவுகள் இப்படி வேறுபட்டன.

சென்னையிலிருந்து சென்ற வழி

இந்த நோய்க்கு வைத்தியம் கண்ட வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சென்னை எழும்பூர் மகளிர் ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கியது. அதன் முதல் இந்திய சூப்பிரண்டாக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும், அவருக்குப் பின் வந்த டாக்டர் எம். கே. கிருஷ்ண மேனனும் சேர்ந்த பெயரில் வழங்கும் பிரசவ மருத்துவப் புத்தகம் இந்தியா முழுதும் மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்து வந்திருக்கிறது.

வலிப்பு வந்த பெண்ணை அமைதிப்படுத்த மூன்று மருந்துகளைக் கலந்து கொடுக்கும் முறையை மேனன் சென்னையில் கையாண்டார். 1961-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் அது வெளியாயிற்று. 'லிட்டிக் காக்டெயில்' என்றும் மேனன் முறை என்றும் பெயர் பெற்று, இந்திய ஆஸ்பத்திரிகளில் அது நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் டாக்டர் பிரிட்சார்ட் என்பவர் மெக்னீசியம் சல்பேட் ஊசியைப் போட்டு வந்தார். நம் மளிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் பேதி உப்பு என்று விற்கிறார்களே, அதே உப்புதான். ஊசிக்கென்று சுத்தம் செய்யப்பட்டது. எந்த முறை மேல் என்ற தகராறு பல ஆண்டுகள் நீடித்தது. 1995-ல் பல நாடுகளில் வலிப்பு கண்ட 1,687 பெண்களிடம் நடத்திய சோதனையில், வழக்கமான வலிப்பு மருந்துகள் இரண்டைவிட இந்த உப்பே மறுபடி வலிப்பு வராமல் தடுக்கிறது என்று தெளிவாயிற்று. 2002-ல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனை, வலிப்பு வருமுன்பே இந்த ஊசியைப் போட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்று காட்டியது. மேனன் முறையோடு ஒப்பிட்ட சோதனைகளிலும் உப்பே வென்றது. இன்று நாடெங்கும் இதுவே முதல் மருந்து. மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் இதன் முதல் வேளை ஊசியைப் பயிற்சி பெற்ற கிராம சுகாதார நர்சே போடலாம் என்று மத்திய அரசு அனுமதித்திருக்கிறது.

அழுத்தத்தை இறக்கும் மருந்தும் அரிதானதல்ல. நாகபுரியில் இரண்டு அரசு ஆஸ்பத்திரிகளில், கடுமையான அழுத்தம் கண்ட 894 கர்ப்பிணிகளுக்கு மூன்று வகை மாத்திரைகளில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2019-ல் வெளியாயிற்று. ஆறு மணி நேரத்துக்குள் நிபெடிபின் கொடுத்தவர்களில் 84 சதவிகிதமும், லபெட்டலால் கொடுத்தவர்களில் 77 சதவிகிதமும், மெத்தில்டோபா கொடுத்தவர்களில் 76 சதவிகிதமும் வேறு தொல்லையின்றிக் கட்டுக்குள் வந்தார்கள். மூன்றுமே பழைய, விலை குறைந்த மாத்திரைகள்.

மருந்து இருந்தும் ஏன் சாவு?

பிரசவச் சாவுகளுக்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவு செய்வதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பிற மாநிலத்தில் வாழும் தமிழனுக்கு நான்காவதாக ஒரு தாமதமும் உண்டு. அது காகிதத்தால் வருவது.

ஊருக்குப் போன பெண்ணுக்கு அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தம் 146/94 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். டாக்டருக்கு உடனே இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். முதலாவது, இது கர்ப்பத்துக்கு முன்பிருந்தே உள்ள பழைய கொதிப்பா, புதிதாக வந்த நோயா? மூன்றாம் மாதம், நான்காம் மாதம் இங்கே பார்த்த அளவு எழுதியிருந்தால் ஒரே பார்வையில் தெரியும். இல்லாவிட்டால் ஊகந்தான். இரண்டாவது, குழந்தைக்கு எத்தனை வாரம்? நோய் கடுமையாக இருந்தால் 34 வாரத்துக்குப் பின் காத்திருக்க மாட்டார்கள். மிதமாக இருந்தால் 37 வாரம் வரை கவனத்துடன் கொண்டுபோவார்கள். அதற்கு முன்பே பிரசவம் பார்க்க நேர்ந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி போட வேண்டும். இந்தத் தீர்மானங்கள் எல்லாம் வாரக் கணக்கை நம்பியே எடுக்கப்படுகின்றன. வாரத்தைச் சரியாகச் சொல்லுவது முதல் மூன்று மாதங்களில் எடுத்த ஸ்கேன். ஒன்பதாம் மாதத்தில் புதிதாக ஸ்கேன் எடுத்தால் கணக்கு இரண்டு மூன்று வாரம் முன்பின்னாகக் கூடும்.

அந்த முதல் ஸ்கேன் எங்கே இருக்கிறது? பல வீடுகளில் டாக்குரியா வீட்டு அலமாரியில், மின்சார பில்களோடு இருக்கிறது. பெண் மட்டும் திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ போய்விட்டாள்.

ரயில் ஏறுமுன்

ரயில் பயணத்தால் இந்த நோய் வருவதில்லை. ஆனால் ஷாலிமாரிலோ ஹௌராவிலோ ஏறினால் சென்னை சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் இன்னோர் இரவு. அதுவரை அழுத்தம் பார்க்க ஆள் இல்லை. ஆகவே புறப்படும் நாளுக்கு ஓரிரு நாள் முன்பு அழுத்தமும் சிறுநீரும் பார்த்தாக வேண்டும். பயணம் போகலாமா என்று டாக்டரையே கேட்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், டாக்டர் சொல்லாமல் ரயில் ஏறக் கூடாது. 160/110 என்றால் டிக்கெட்டை மறந்துவிட்டு அந்த மணியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டிக்கெட் பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

எண் இன்னும் ஏறாமல் உடம்பு சொல்லும் அறிகுறிகளும் உண்டு. விடாத தலைவலி, கண் மங்குதல், கண் முன்னே பொறி பறத்தல், மேல் வயிற்றில், முக்கியமாக வலப் பக்கத்தில் வலி, மூச்சு முட்டுதல், முகமும் கையும் திடீரென்று நீர் கோத்து வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல். கடைசி மாதங்களில் காலில் மட்டும் சிறிது வீக்கம் பலருக்கும் சகஜம். மோதிரம் கழலாத அளவு விரலும், கண் இரப்பையும் வீங்கினால் அது சகஜமல்ல. மேல் வயிற்று வலியை வாயு என்று சொல்லிச் சோடா குடிக்க வைத்துப் பொழுதைப் போக்குவது மிகவும் ஆபத்தானது.

வங்காளி தெரியாத பெண்கள் ஆஸ்பத்திரியில் சொல்லத் தெரியாமல் விழிப்பது உண்டு. நாலு வார்த்தை தெரிந்தால் போதும். 'மாத்தா பேத்தா' என்றால் தலைவலி. 'சோக்கே ஜாப்சா' என்றால் கண் மங்கல். 'பேட்டே பேத்தா' என்றால் வயிற்று வலி. 'கிச்சுனி' என்றால் வலிப்பு. பிரஷர் என்ற சொல் எல்லா மொழிக்கும் பொது.

வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், வாயில் கரண்டி வைப்பதும், தண்ணீர் புகட்டுவதும் கூடாது. இடப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே வண்டிக்குச் சொல்ல வேண்டும். வங்கத்தில் 102, தமிழ்நாட்டில் 108. ஓடும் ரயிலில் 139-க்குப் பேசினால் அடுத்த பெரிய ஸ்டேஷனில் உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லலாம். மாற்று ரயிலைப் பற்றியோ பெட்டி படுக்கையைப் பற்றியோ யோசிக்காமல் இறங்கிவிட வேண்டும். கரக்பூர், புவனேஸ்வர், விசாகப்பட்டினம், விஜயவாடா ஆகிய எல்லா ஊர்களிலும் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்குப் பிரசவமும், ஆபரேஷனும், மருந்தும் இலவசம் என்று 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது.

ரயில்வேயில் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. டாக்டர் சர்ட்டிபிகேட்டுடன் கவுண்டரில் கேட்கலாம். பலர் இதை அறியாமல் நடுப் படுக்கையில் ஏறி இறங்குகிறார்கள்.

வீட்டில் செய்யக் கூடியவை, கூடாதவை

வீட்டில் மாமியாருக்கோ மாமனாருக்கோ பிரஷர் மாத்திரை இருக்கும். கர்ப்பிணிக்கு அதில் ஒன்றைக் கொடுத்துவிடுவது பெரும் தவறு. டெல்மிசார்டன், லொசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற சாதாரண மாத்திரைகள் வயிற்றுக் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை. உப்பை நிறுத்தினால் இந்த நோய் வராது என்பதும் சரியல்ல. அதற்கு ஆதாரம் இல்லை. படுத்தே கிடந்தால் வராது என்பதற்கும் இல்லை.

பயன் தருபவை வேறு. பால், தயிர், கேழ்வரகு அதிகம் சேராத உணவு உண்பவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை நோயைக் குறைக்கிறது. 14-வது வாரம் முதல் தினம் இரண்டு மாத்திரை அரசு நிலையங்களில் இலவசம். இதை இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். முந்தின பிரசவத்தில் இந்த நோய் வந்தவர்கள், சர்க்கரை வியாதி, சிறுநீரக நோய் அல்லது பழைய கொதிப்பு உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் முதலியோருக்கு டாக்டர்கள் சிறு அளவு ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு. அதை 20 வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. முதல் பிரசவக்காரிகளுக்கும், தாய்க்கோ சகோதரிக்கோ இந்த நோய் வந்திருந்த பெண்களுக்கும் அபாயம் அதிகம் என்பதால் அவர்களை விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் 9-ந் தேதி அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளை டாக்டரே இலவசமாகப் பார்க்கும் ஏற்பாடு 2016 முதல் நாடெங்கும் நடக்கிறது. டாக்குரியாவிலிருந்து பஸ்சில் போய்வரும் தூரத்தில், 1926-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாசின் வீட்டில் தொடங்கிய சித்தரஞ்சன் சேவா சதனும், 1932-ல் ராமகிருஷ்ண மிஷன் தாய் சேய்க்கென்று தொடங்கிய சேவா பிரதிஷ்டானும், டாலிகஞ்ச் பக்கம் பாங்கூர் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. லோக்கல் ரயிலில் பார்க் சர்க்கஸ் இறங்கினால் நேஷனல் மெடிக்கல் காலேஜ். ரயில்வே ஊழியர்களுக்குச் சியால்டாவிலும் கார்டன் ரீச்சிலும், ஊர்ப்பக்கம் பெரம்பூரிலும் சொந்த ஆஸ்பத்திரிகள் உண்டு.

இங்கேயா, ஊரிலா?

எங்கே பிரசவம் பார்ப்பது என்பது அந்தந்தக் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. ஊரில் தாயார் இருக்கிறார். பத்தியம் சமைக்க ஆள் இருக்கிறது. நர்சிடம் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இரவு பகல் பாராமல் பிரசவ ஆபரேஷன் செய்யக் கூடிய அரசு மையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. ஒவ்வொரு தாயின் சாவையும் விசாரித்து எழுதும் பழக்கம் அங்கே 1990-களிலேயே தொடங்கியது. இவை லேசான விஷயங்கள் அல்ல. அழுத்தம் சரியாக இருக்கும் பெண் நிம்மதியாக ஊருக்குப் போகலாம்.

ஆனால் அழுத்தம் ஏறத் தொடங்கிய பெண்ணுக்கு இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அவளுக்குத் தேவை சொந்த ஊர் அல்ல. பக்கத்தில் ரத்தமும், ஆபரேஷன் வசதியும், குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் பிரிவும் உள்ள ஆஸ்பத்திரி. அப்படிப்பட்ட பெண்ணை ஊருக்கு அனுப்புவதைவிட, தாயாரை இங்கே வரவழைப்பது நல்லது. ஒரு டிக்கெட்தான் வித்தியாசம். 'நாள் பார்த்தாயிற்று, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்' என்ற யோசனைகளுக்கு இதில் இடமில்லை.

குழந்தை பிறந்த பிறகும்

குழந்தை பிறந்ததும் அபாயம் தீர்ந்தது என்று எண்ணுவது சகஜம். அது சரியல்ல. நஞ்சு போனதும் நோய் அடங்கத் தொடங்குகிறதே தவிர, உடனே போய்விடுவதில்லை. பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அழுத்தம் மறுபடி ஏறுவது உண்டு. வலிப்பு வருபவர்களில் ஒரு பகுதியினருக்குக் குழந்தை பிறந்த பின்தான் முதல் வலிப்பே வருகிறது. ஆறு வாரம் வரை கவனம் வேண்டும். புண்ணியதானம், பேர் வைத்தல் என்று வீடு நிறைய ஆள் இருக்கும் அந்த நாட்களில் தாயின் தலைவலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகும் ஒன்று நினைவில் இருக்க வேண்டும். இந்த நோய் ஒருமுறை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரக் கொதிப்பும், மாரடைப்பும், பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆண்டுக்கு ஒரு முறையாவது அவள் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த குழந்தைக்கு முதல் மாதத்திலேயே டாக்டரிடம் பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

அரசும் சங்கங்களும்

தாய் சேய் நல அட்டை என்பது நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் அட்டை ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு மாநிலமும் தன் பதிவைத் தன் வழியில் நடத்துகிறது. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்க, கர்ப்பிணியைப் பதிவு செய்து தரும் 'பிக்மி' எண் வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து வரும் பெண் ஊர் சேர்ந்தவுடன் சுகாதார நர்சிடம் பதிவு செய்துகொண்டால் சான்றிதழ்த் தொல்லை இல்லை. அதைவிட முக்கியமாக, அன்றே அழுத்தமும் பார்த்துவிடுவார்கள். ஒரு மாநிலத்தின் அளவுகளை இன்னொரு மாநிலத்தின் நர்ஸ் கம்ப்யூட்டரில் பார்க்கும் வசதி வந்தால், வேலைக்காக ஊர் ஊராகப் போகும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது பெரிய உபகாரம். அதுவரை வங்கத்து ஆஸ்பத்திரிகள் ஊருக்குப் புறப்படும் பெண்ணுக்கு எல்லா அளவுகளையும் ஒரே தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தால் போதும். அதற்குப் புதிய சட்டமோ பணமோ தேவையில்லை.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வைத்து, தெரிந்த நர்ஸ் ஒருவரை உட்கார வைத்தால், கர்ப்பிணிகளுக்கு மட்டுமல்ல, அவர்களை அழைத்துவரும் மாமியார்களுக்கும் பயன்படும்.

மற்றது கணவன் செய்ய வேண்டியது. மனைவியை ரயில் ஏற்றும்போது ஊறுகாய் ஜாடியையும் பட்டுப் புடவையையும் எடுத்து வைக்கும் கை, முதல் ஸ்கேன், தாய் சேய் நல அட்டை, ரத்த வகை எழுதிய தாள், மருந்துச் சீட்டு ஆகியவற்றையும் ஒரு பையில் போட்டு அவள் கைப்பைக்குள் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துத் தன்னிடமும் வைத்துக்கொள்வது நல்லது. பெண் ஊர் சேர்ந்த பிறகு மூன்று மாதம் அவன் டாக்குரியாவில், அவள் ஊரில். வாரத்துக்கு நாலு தடவை போன் பேசுகிறார்கள். 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' என்ற கேள்விகளோடு, 'இந்த வாரம் பிரஷர் எவ்வளவு?' என்றும் கேட்டு, பதிலாக ஓர் எண்ணை வாங்க வேண்டும். 'நல்லாத்தான் இருக்கேன்' என்பதைப் பதிலாக ஏற்கக் கூடாது. எண் தெரியாது என்றால், மறுநாள் காலையில் மாமனார் அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.